வழித்துணையின் மாணவி

நடிகர்கள் என்றாலே அவளுக்கு இளக்காரம். எடிட்டிங் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு முதுகுவலியோடு சேர்ந்து இதுவும் வந்துவிடும். தியேட்டரில் ஜனங்கள் பார்த்து உருகுகிற முகம், 'கட்' சொன்ன அடுத்த நொடியில் காதைக் குடைந்துகொண்டு சாப்பாடு வந்தாச்சா என்று கேட்பதை அவள்தான் பார்க்கிறாள். கண்ணீர் வராமல் சொட்டுமருந்து கேட்டவர்கள், எதிரில் நிற்பவர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுகிறவர்கள், செத்துக் கிடக்கும்போது கொட்டாவி விட்டவர்கள், எல்லோரும் அவள் கையில் வந்துதான் மனுஷர்களாகித் திரைக்குப் போனார்கள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை வெளியில் சொல்லவும் கூச்சப்பட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவளை நடிப்பு படிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னது தயாரிப்பாளர் அம்மாள். முதலில் ஒரு குறும்படம் எடுத்துக் காட்டு, அது தேறினால் பெரிய படம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர். இயக்குநர் ஆக வேண்டும் என்று காத்துக் காத்து நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாக்கு பெரிது. ஆனால் அம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார்.

"உனக்கு முகத்தை வெட்டத் தெரியும். முகத்தோட பேசத் தெரியுமா? போய்க் கத்துக்கிட்டு வா."

மெத்தட் ஆக்டிங் சொல்லித்தருகிற ஒரு வகுப்பின் பேரையும் அவரே சொன்னார். நடிகன் பாத்திரத்தின் துக்கத்தை வெளியே தேடாமல் தன் சொந்தத் துக்கத்திலிருந்து தோண்டி எடுக்க வேண்டும் என்பது அந்த முறை. அதை உள்ளேயிருந்து தெரிந்துகொண்டவர்கள்தான் நாளைக்கு நடிகர்களை வேலை வாங்க முடியும் என்று அம்மாள் எங்கோ கேட்டுவிட்டு வந்திருந்தார்.

வகுப்பு ஒரு மெத்தைக் கடையின் மாடியில் நடந்தது. முன்பு யாரோ நடனம் சொல்லிக்கொடுத்த கூடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஓரங்களில் ரசம் போயிருந்தது. கீழேயிருந்து புது மெத்தைகளின் ரப்பர் வாடை படியேறி வரும். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்தால் தெருச் சத்தத்தில் யாருக்கும் சோகம் வராது.

சொல்லிக்கொடுத்தவன் அவளைவிட வயதில் சின்னவன். வெளிநாட்டில் சில மாதம் இருந்து சான்றிதழ் வாங்கி வந்தவன். எப்போதும் கறுப்பு உடை, வெறுங்கால், கையில் ஒரு தண்ணீர் பாட்டில். முதல் நாளே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, தன்னை சார் என்று கூப்பிட வேண்டாம் என்றான். தான் வாத்தியார் இல்லையாம், வழித்துணையாம். அவள் அன்றைக்கே அவனுக்கு அந்தப் பேரை நிரந்தரமாக வைத்துவிட்டாள். வீட்டில் அக்காவிடம் சொல்லும்போதும் 'இன்னிக்கு வழித்துணை என்ன சொல்லுச்சு தெரியுமா' என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆரம்பத்தில் இல்லாத கோப்பையில் இல்லாத காபி குடித்தார்கள். சூடு உதட்டில் தெரிய வேண்டும் என்றான் வழித்துணை. பிறகு மிருகங்கள் ஆனார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கும் ஒருவன், எல்லோரும் அவனை ஜிம் என்றே கூப்பிட்டார்கள், சிங்கமாக உறுமிக்கொண்டு தரையில் சுற்றி முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். விளம்பரங்களில் நடிக்கும் ஒரு பெண் நத்தையாகி, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. அவளுக்குக் கோழி கிடைத்தது. இயக்குநர் ஆவதற்குத் தான் ஏன் கொக்கரிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கொக்கரித்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது, இந்தக் காட்சி தன் மேஜைக்கு வந்தால் எங்கே வெட்டுவது என்றுதான் தோன்றியது. ஆரம்பத்திலேயே.

அந்தக் கூட்டத்தில் அவள் இளக்காரமாக நினைக்காத ஒரே ஆள் பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டை, வந்த இடம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். மனைவி போனபிறகு வீடு, கிளினிக் என்று முடங்கிவிட்டார் என்று அவருடைய மகள்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். நடிப்பில் அவருக்கு எந்த ஆசையும் இல்லை. மகள் கேட்டாள், வந்தார். பசுவாக இருக்கச் சொன்னால் பேசாமல் நிற்பார். அது ஒன்றுதான் அங்கே பார்க்க மிருகம் மாதிரி இருந்தது.

பிறகு நினைவுப் பயிற்சி ஆரம்பித்தது. ஒவ்வொருவராக நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் பட்ட பெரிய அடியைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்து வாசனை, சத்தம், கையில் என்ன இருந்தது எல்லாம் சொல்லிச் சொல்லி அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஜிம் தன் நாய் செத்ததைச் சொல்லி அழுதான். நத்தைப் பெண் காதலன் கல்யாணம் பண்ணிக்கொண்டதைச் சொன்னாள். வழித்துணை கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி, "இன்னும் உள்ளே... இன்னும் உள்ளே..." என்று முனகிக்கொண்டிருந்தான்.

அவள் முறை வந்தது. இவர்களுக்கு முன்னால் தன் சொந்தச் சங்கதி ஒன்றையும் அவிழ்க்க அவள் தயாராக இல்லை. அதனால் உயிரோடு இருக்கும் அக்காவைச் சாகடித்தாள். முன்னொரு காலத்தில் ஒரு டிவி தொடரில் நீளம் அதிகம் என்று அவள் வெட்டிப் போட்ட காட்சி நினைவில் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டாள். அக்கா வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள், இவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள், போன் வருகிறது, விபத்து என்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்கும்போது துணி கருகுகிற வாடை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். கருகின சட்டையை மடித்து அலமாரியில் வைத்ததாகச் சொன்ன இடத்தில் குரலை இறக்கினாள். கண்ணீர் தானாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம்தான்.

கூடமே விசும்பியது. வழித்துணை எழுந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டான். "இதுதான் உண்மை. நான் இத்தனை நாள் சொன்னது இதைத்தான்," என்றான்.

முட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீடு போகும் வழியெல்லாம் சிரித்தாள். ஆனாலும் கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வகுப்பில் பல் டாக்டர் உட்கார்ந்தார். அவர் சொன்னது சின்னக் கதை. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். இவர் கிளினிக்கில் ஒருவருக்குப் பல்லைக் குடைந்து திறந்து வைத்திருந்த நேரத்தில் போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பல்லை அடைத்து முடித்தார். கடிக்கும்போது உயரமாகத் தெரிகிறதா என்று கேட்டு, கொஞ்சம் ராவிவிட்டார். கையைக் கழுவினார். அப்புறம் போனார். போனபோது முடிந்திருந்தது.

அவ்வளவுதான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதில் வெட்ட ஒரு இடம்கூட அவளுக்குத் தெரியவில்லை.

வழித்துணை உதட்டைப் பிதுக்கினான். இதில் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றான். மனைவி சாகக் கிடக்கிறாள் என்று கேட்டவன் எவனாவது உட்கார்ந்து பல் அடைப்பானா, ஏதோ மறைக்கிறீர்கள், நடிக்கிறீர்கள் என்றான். "எடிட்டர் மேடத்தைப் பாத்தீங்க இல்ல? அது வலி. நீங்க எனக்கு வெறும் தகவல் சொல்றீங்க."

அதோடு விட்டிருந்தால் சரி. அவன் விடவில்லை. வாராவாரம் டாக்டரை நடுவில் இழுத்தான். ஜிம்மை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லி, டாக்டரை அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தான். டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்தார். அடைத்தார், ராவினார், கை கழுவினார். அழவில்லை. வட்டத்தில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள், அவரால் தங்கள் நேரம் வீணாகிறது என்பது போல. கடைசியில் வழித்துணை அவளை எழுப்பி, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து துக்கத்தைத் திறப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னான்.

டாக்டர் அவளைப் பார்த்தார். நிஜமாகவே கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவரைப் போல இருந்தது அந்தப் பார்வை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் சொன்னது பொய்," என்றாள் அவள். "எங்க அக்கா நல்லாத்தான் இருக்கா. இப்ப வீட்ல பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருப்பா."

வழித்துணையின் முகத்தில் ஒரு மலர்ச்சி.

"பாருங்க எல்லாரும். இதுக்குப் பேர் மறுப்பு. துக்கத்துல இது ஒரு கட்டம். அக்கா வீட்ல இருக்காங்கன்னு இவங்க மனசு இன்னும் நம்புது."

கைதட்டினார்கள். நத்தைப் பெண் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். உதறிவிட்டு வெளியே வந்தாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் இருக்கும் வீட்டில்தான் இவளுக்கும் ஒரு அறை. நடந்ததை வேறு வழியில்லாமல் சொன்னாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்கா முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. அடுத்த வகுப்பு எப்போது என்று மட்டும் கேட்டாள்.

வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, கைப்பையோடும் குடையோடும் மெத்தைக் கடை மாடியேறி வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். தான் இவளுடைய கூடப்பிறந்த அக்கா, விபத்தும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தப் பல் டாக்டரைப் படுத்துவதை நிறுத்தினால் நல்லது என்று வகுப்பறையில் பேசுகிற குரலில் சொன்னாள்.

வழித்துணை அக்காவைச் சுற்றி ஒரு நடை நடந்தான். மெதுவாகக் கைதட்டினான்.

"பிரமாதம். எந்த நாடகக் குழு நீங்க?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கணக்கே வராத பையன்களைப் பார்த்துப் பழகிய கண்.

"தம்பி, முதல்ல கால்ல செருப்பு போடு. தரையெல்லாம் அழுக்கு," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பார்த்தால் பல் டாக்டர். அவர் சிரித்து அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தார், தன் பையை எடுத்தார், படியிறங்கினார். அக்கா பின்னால் போனாள். இவளும் போனாள். வழித்துணை மேலே நின்றுகொண்டு, தப்பித்து ஓடுவதும் ஒரு பயிற்சிதான் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது படி வரைக்கும் கேட்டது.

டாக்டர் விடைபெற்றுப் போனதும் அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கா குடையை விரித்தாள், தனக்கு மட்டும்.

"நான் செத்ததுக்கு நீ அழுதியாமே?"

"பயிற்சிக்கா. சும்மா."

"போன வருஷம் ஆபரேஷன் ஆகி அடுத்த ரூம்ல கிடந்தேன். ஏதோ படம் ரிலீஸ்னு நீ எட்டிக்கூடப் பாக்கல. செத்தாத்தான் அழுவ போல."

பஸ்ஸில் இருவருக்கும் தனித்தனி சீட்தான் கிடைத்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்புக்கு அதன்பிறகு அவள் போகவில்லை. ஆனால் குறும்படத்துக்கான கதை அங்கேயிருந்துதான் கிடைத்தது. சாவுச் செய்தி வந்த பிறகும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கும் ஒரு மனுஷன். பல் டாக்டரை ஒரு தையற்காரராக மாற்றி எழுதினாள். எழுதியதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், நீங்களே நடிக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றபடியே படித்தார். யாருடைய கதை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பல் டாக்டர் என்று வைக்காமல் விட்டதற்கு நன்றி சொன்னார். மகள் சந்தோஷப்படுவாள் என்றும் சொன்னார். அன்றைக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"உங்க மனைவியைப் பத்தி நான் எதுவும் கேக்க மாட்டேன். ஊசி, நூல், துணி. அவ்வளவுதான் நம்ம பேச்சு."

சொன்னபடியே நடந்துகொண்டாள். ஒரு நிஜத் தையல் கடையை வாடகைக்குப் பிடித்து, அவருக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கவும் ஓரம் அடிக்கவும் பழக்கினாள். படப்பிடிப்பில் அவரிடம் சோகமாக இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நூலைக் கோர்க்க வரவில்லையா, எச்சில் தொட்டுக் கோர்த்துப் பாருங்கள் என்பாள். பல்லில் வேலை செய்து பழகிய விரல்கள், ஊசியை அழகாகப் பிடித்தன. வழித்துணையும் அவன் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் தன்னால் ஒரு மனிதரை நடிக்கவைக்க முடிகிறது என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. வகுப்பில் அழுத அத்தனை பேரையும் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

கடைசியில் ஒரு குளோசப் பாக்கி. போனை வைத்துவிட்டு மறுபடியும் ஊசியை எடுக்கிற முகம். ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சத்தை நம்பி வைத்த ஷாட். தயாரிப்பாளர் அம்மாள் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் செய்தார், நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை செய்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கேமராமேன் ஜன்னலைப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு டேக்தான் வெளிச்சம் தாங்கும் என்றார்.

கேமரா ஓட ஆரம்பித்தது. அவள் கேமராவில் விழாதபடி குனிந்து, டாக்டரின் காதருகே போனாள்.

"அந்தப் பல்லை அப்படியே விட்டுட்டுப் போயிருந்தா, அவங்களை உயிரோட பாத்திருக்கலாம் இல்ல?"

வழித்துணைக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அந்த அளவுக்கு அவனுக்கு மூளை போதாது. அவளுக்குப் போதும்.

டாக்டர் திரும்பவில்லை. அவர் முகத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தாடை மட்டும் லேசாகத் தொங்கி மறுபடி மூடிக்கொண்டது. கை தானாகத் துணியைத் தேடிப்போய் ஊசியை இறக்கியது. துணியில் இல்லை, கட்டைவிரலில். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இன்னொரு தையலும் போட்டார். கேமராமேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் 'கட்' சொல்லவில்லை.

அம்மாள் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டாக்டர் விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்தப் பையன் எல்லார் முன்னாடியும் குடைஞ்சான். நீங்க காதுல வந்து குடைஞ்சீங்க," என்றார் அவர். கோபமே இல்லாத குரல். காலடியில் எதையோ மிதித்துவிட்டவர் செருப்பைத் துடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். "ஷாட் ஓகேதானே? நான் கிளம்பலாமா?"

எடிட்டிங்கில் முதல் டேக்கையும் கடைசி டேக்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். முதலில் எடுத்தது நேர்மையாக இருந்தது. கடைசியாக எடுத்ததன் முன்னால் அது நிற்கவில்லை. டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று போன் செய்தாள். வரமாட்டார் என்று நினைத்தாள். ஒரு மதியம், நோயாளிகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் வந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தார். தன் முகத்தை, யாரோ ஒருவருடைய எக்ஸ்ரேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கடைசியா எடுத்ததுதான் நல்லா இருக்கு. அதையே வச்சுக்கோங்க," என்றார். கதவு வரை போய் நின்றார். "பல்லுல ஏதாவது பிரச்சனைன்னா வேற யாரையாவது பாருங்க."

அவள் அதைத்தான் வைத்தாள்.

படம் தேறியது. தேறியது என்பது சின்ன வார்த்தை. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு முகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பெரிய படத்துக்கு ஒப்பந்தம் போட்டார் அம்மாள். வழித்துணை சும்மா இருப்பானா? கோழியாக அவள் குனிந்து நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, 'என் மாணவி' என்று இணையத்தில் போட்டுவிட்டான். அதன் கீழே நத்தைப் பெண், ஜிம், முன்பின் தெரியாதவர்கள் எல்லோருமாக வாழ்த்து மழை.

அக்காவுக்கு அதைப் பார்த்து ஆத்திரம். அந்த வெறுங்கால் பயலுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்று நீயே சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றாள். அந்த வாரமே ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டிக்கு வந்தார்கள். நடிகர்களை வேலை வாங்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். அவள் அந்த வகுப்பின் பேரைச் சொன்னாள்.

பேட்டி வந்த பத்திரிகையை அக்கா சாப்பாட்டு மேஜையில் போட்டாள்.

"ஏண்டி இப்படிச் சொன்ன?"

"வேற எங்கக்கா கத்துக்கிட்டேன்?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.